அண்ணனுக்கு வந்த வசனம்

மாத்திரை டப்பாவில் ஞாயிறு முதல் சனி வரை கட்டம் கட்டமாக நிரப்பி வைத்துக்கொள்கிற வயதுக்கு வந்துவிட்டவர்களே, இது உங்களுக்குத்தான். சின்னவர்கள் படித்தால் படிக்கட்டும், ஆனால் பாதியை நம்ப மாட்டார்கள்.

போன மாதம் எங்கள் குடியிருப்பில் மூன்றாவது மாடி ஐ.டி. தம்பதி வீட்டில் ஜெபக்கூட்டம் நடந்தது. அயனம்பாக்கம் ஏரிக்காற்று நேரே வீட்டுக்குள் வரும். அந்தக் காற்றுக்கும் சேர்த்துத்தான் வாடகை வாங்குகிறார்கள். சுண்டலும் காபியும் முடிந்ததும் அந்தப் பெண் என்னைப் பார்த்துக் கேட்டாள்.

"ஆன்ட்டி, பைபிள்ல இருக்கிறத எழுத்துக்கு எழுத்து அப்படியே எடுத்துக்கணுமா? இல்ல, அர்த்தத்த மட்டும் எடுத்துக்கிட்டாப் போதுமா?"

நான் வாயைத் திறப்பதற்குள் ஆளாளுக்குப் பதில் சொல்ல ஆரம்பித்துவிட்டார்கள். உலகத்தைப் படைத்தது ஆறு நாள் என்றால் ஆறு நாள்தான் என்றார் ஒருவர். அதெல்லாம் உவமை என்றார் இன்னொருவர். மீன் வயிற்றுக்குள் மூன்று நாள் அந்தத் தீர்க்கதரிசி எப்படி மூச்சு விட்டார் என்று ஒரு கல்லூரிப் பையன் கேட்க, எல்லோரும் சிரித்தார்கள். நான் டம்ளர் கழுவுகிற சாக்கில் சமையலறைக்குப் போய்விட்டேன். அந்தக் கேள்வியை வைத்து எங்கள் வீட்டில் ஒரு வருடம் வாழ்ந்து பார்த்திருக்கிறோம். சுண்டல் வாயோடு அதைச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

எனக்கு அப்போது ஒன்பது வயது. அம்பத்தூரில், தொழிற்பேட்டை எஸ்டேட்டுக்குப் பின்பக்கம், ஆஸ்பெஸ்டாஸ் கூரை போட்ட இரண்டு அறை வீடு. அப்பா தெற்கிலிருந்து வேலைக்கு வந்தவர். எஸ்டேட்டில் ஒரு பட்டறையில் இரும்பு கடையும் லேத் ஓட்டினார். அம்மா பட்டாபிராம் பக்கம். அம்மாவுக்கு எழுத்துக் கூட்டித்தான் படிக்க வரும். வீட்டில் அப்பா, அம்மா, பதினாலு வயது அண்ணன், நான்.

அப்பாவின் காக்கிச் சட்டையில் லேத்தில் ஊற்றும் கூலன்ட் எண்ணெய் வாடை எப்போதும் இருக்கும். ஞாயிற்றுக்கிழமை வெள்ளைச் சட்டை போட்டாலும் அந்த வாடை போகாது. அவரிடம் வேலை கற்க வரும் பையன்களிடம் அவர் சொல்கிற ஒரே பாடம், "டிராயிங்ல என்ன போட்டிருக்கோ அதச் செய். உன் யோசனைய யாரும் கேக்கல" என்பதுதான். அப்படி ஓட்டித்தான் இருபது வருடத்தில் ஒரு பீஸ் கூட அவரிடமிருந்து ரிஜெக்ட் ஆகவில்லை என்று சொல்லிக்கொள்வார். வேதாகமத்தையும் அவர் அப்படித்தான் படித்தார். சிவப்பு நீலப் பென்சில் காதில் செருகியிருக்கும். அவருக்கு அதில் கதை, பாட்டு, கடிதம் என்ற பிரிவெல்லாம் கிடையாது. எல்லாமே மேலிடத்திலிருந்து வந்த டிராயிங். அவரைக் கெட்டவர் என்று நினைத்துவிடாதீர்கள். எங்களை அடித்ததில்லை, குடித்ததில்லை, சம்பளக் கவரைப் பிரிக்காமல் அம்மாவிடம் கொடுப்பவர்.

அண்ணனுக்கு ஏழு வயதில் மூட்டுவலிக் காய்ச்சல் வந்து இருதயத்தைத் தொட்டுவிட்டது. வால்வு சரியாக மூடவில்லை என்றார்கள். இருபத்தோரு நாளைக்கு ஒருமுறை பென்சிலின் ஊசி, இருபத்தைந்து வயது வரை தவறக்கூடாது. நம் வயதுக்காரர்களுக்கு அந்த ஊசி தெரியும். சின்ன பாட்டிலில் வெள்ளைத் தூள், தண்ணீர் விட்டு உருட்டினால் திக்கான பாலாகும். கம்பவுண்டர் கொதிக்க வைத்த கண்ணாடி சிரிஞ்சில் அதை இழுத்து இடுப்புக்குக் கீழே குத்துவார். பாதியில் ஊசி அடைத்துக்கொள்ளும். உருவி, வேறு ஊசி மாட்டி, மறுபடி குத்துவார். அண்ணன் இரண்டு நாள் காலை இழுத்து இழுத்துத்தான் நடப்பான். பாட்டிலின் ரப்பர் மூடியை எனக்காகக் கேட்டு வாங்கி வருவான். நான்கு மூடி சேர்ந்தால் தீப்பெட்டிக்குச் சக்கரம் வைத்து எனக்கு வண்டி செய்து தருவான். அப்படி அவன் வலியில் ஓடிய வண்டிகள் என்னிடம் பதினைந்துக்கு மேல் இருந்தன, இன்றைக்கு ஒன்றுகூட இல்லை.

ஆங்கில வருடப் பிறப்பன்று சபையில் வேத வசனம் எழுதிய வாக்குத்தத்த அட்டை கொடுப்பார்கள். இப்போதும் கொடுக்கிறார்கள், போனிலும் வருகிறது. அன்றைக்கு ஆராதனை முடிந்ததும் பித்தளைத் தட்டில் அட்டைகளைக் கவிழ்த்து வைத்து நீட்டுவார்கள். ஆளுக்கு ஒன்று எடுக்க வேண்டும். எடுத்த வசனம் அந்த வருடம் முழுக்க உங்களுடையது. எங்கள் வீட்டில் ஒரு வழக்கம், நால்வருக்கும் நானே எடுப்பேன். சின்னப் பிள்ளையின் கையில் சூது இருக்காது என்பார் அப்பா.

அந்த வருடம் என் கையில் சூது இருந்தது. ஞாயிறு பள்ளிப் பிள்ளைகளான நாங்கள்தான் அட்டைகளுக்கு ஓரத்தில் பசை தடவி ஜிகினா தூவினோம். முந்தைய வருடம் அம்மாவுக்குக் கண்ணீரோடு விதைப்பது பற்றிய வசனம் வந்து, வருடம் முழுக்க அம்மா 'அழறதுன்னு எழுதிக்கீது' என்று சொல்லிச் சொல்லியே அழுதிருந்தாள். அண்ணனுக்கு அப்படி ஏதாவது வந்துவிட்டால்? ஜிகினா தூவும்போது ஒரு அட்டை கண்ணில் பட்டது. சாகமாட்டேன், பிழைத்திருந்து கர்த்தர் செய்ததைச் சொல்லுவேன் என்கிற வசனம். அதன் ஒரு மூலைக்கு மட்டும் ஜிகினாவை அள்ளிக் கொட்டினேன். தட்டு வந்தபோது கவிழ்த்து வைத்த அட்டையின் ஓரத்தில் அந்த மூலை துருத்திக்கொண்டு மின்னியது. எடுத்து அண்ணனிடம் கொடுத்தேன். எனக்கு அதில் வேறு எந்த எண்ணமும் இல்லை. அவனுக்கு நல்ல அட்டை வரவேண்டும், அவ்வளவுதான்.

அப்பா அதை வாங்கிப் படித்தார். சபை வாசலிலேயே செருப்பைக் கழற்றிவிட்டு மண்டியிட்டார். பொங்கலுக்கு முன்னால் வரவேண்டிய ஊசித் தேதி வந்தபோது, "வேண்டாம்" என்றார்.

"இன்னாங்க, வேணாம்னா?" என்றாள் அம்மா.

"பிழைப்பான்னு அவர் எழுதிக் கொடுத்துட்டாரு. அதுக்கு மேல ஊசி போட்டா, உம்ம வார்த்தைய நான் நம்பலன்னு அவர் மூஞ்சிக்கு நேரா சொல்றதா அர்த்தம்."

"டாக்டரு இருவத்தஞ்சு வயசு வரிக்கும்னாரே."

"டாக்டர் பெரியவரா, தேவன் பெரியவரா?"

அம்மா அட்டையை வாங்கி, விரலை வைத்து ஒவ்வொரு எழுத்தாகக் கூட்டிப் படித்தாள். அப்பா சொன்னதுதான் அதில் இருந்தது. திருப்பிக் கொடுத்துவிட்டாள். கூடத்துச் சுவரில் அதை மாட்டியாகிவிட்டது.

இப்போது நான் சொல்லப்போவதைக் கேட்டுத் திட்டாதீர்கள். அடுத்த ஆறேழு மாதங்கள்தான் எங்கள் வீட்டில் நாங்கள் மிகச் சந்தோஷமாக இருந்த காலம். அண்ணன் காலை இழுத்து நடக்கவில்லை. தேதி கிழிக்கும் காலண்டரைப் பார்த்து முகம் சுருங்கவில்லை. அப்பாவின் சைக்கிளில் குரங்குப் பெடல் போட்டு, என்னைப் பின்னால் உட்காரவைத்து, அயனம்பாக்கம் ஏரிக்கரை வரை ஓட்டினான். கரையில் கருவேல முள், சேற்று வாடை, எருமை. அவன் தண்ணீரில் ஓடு எறிந்து நான்கு தத்தல் ஐந்து தத்தல் என்று எண்ணுவான். அப்பா வேலை முடிந்து பாடிக்கொண்டே வருவார். அம்மாகூட, "புள்ள மூஞ்சில ரத்தம் ஓடுது பாரேன்" என்றாள். இதெல்லாம் நான் எடுத்த அட்டையால் வந்தது என்று எனக்கு உள்ளுக்குள் பெருமை.

சேதி சபைப் போதகர் காதுக்குப் போயிற்று. நல்ல மனிதர், மெலிந்தவர், குடையோடு வந்தார். நாங்கள் கதவுக்குப் பின்னால் நின்று கேட்டோம்.

"அது பழைய காலத்துல ஒருத்தர் தான் பிழைச்சதுக்கு நன்றி சொல்லிப் பாடினதுப்பா. உன் பையனுக்குன்னு எழுதின சீட்டு இல்ல. இடம் பொருள் பார்த்துப் படிக்கணும்" என்றார்.

அப்பா நிதானமாகக் கேட்டார்: "அப்படின்னா வருஷா வருஷம் அட்டை எதுக்குய்யா கொடுக்குறீங்க? கொடுக்கும்போது, இது தேவன் உங்களுக்குத் தர்ற வாக்குத்தத்தம்னு சொல்லித்தானே கொடுக்குறீங்க?"

"அது வந்து... ஒரு ஆறுதலுக்கு."

"ஆறுதலுக்கு மட்டும்னு அட்டையில போட்டிருக்கலாமேய்யா. சரி, இது ஆறுதலுக்குப் பாடினது. சிலுவையில செத்த ஆண்டவர் மூணாம் நாள் எழுந்ததும் ஆறுதலுக்குத்தானா? எங்க நிறுத்தணும்னு கோடு போட்டுக் காட்டுங்க, அங்க நிறுத்திக்கிறேன்."

போதகர் டீயைக் குடித்தார். பிறகு, "பிள்ளைக்கு ஊசியப் போடுப்பா, நான் உனக்காக ஜெபிக்கிறேன்" என்று சொல்லிவிட்டுக் குடையை மறந்துவிட்டுப் போனார். இத்தனை வருடமாக அந்தக் கேள்விக்கு அவர் என்ன சொல்லியிருக்கலாம் என்று யோசித்துக்கொண்டுதான் இருக்கிறேன். படித்தவர், கோடு எங்கே என்று அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். அன்றைக்குச் சத்தம் போட்டாவது சொல்லியிருக்கலாம். மரியாதைக்குப் பயந்து டீ குடித்துவிட்டுப் போய்விட்டார், அதை நான் இன்னும் மன்னிக்கவில்லை.

மறுநாள் ஏரிக்கரையில் அண்ணனிடம் ஜிகினா விஷயத்தைச் சொன்னேன். அவன் கையிலிருந்த ஓட்டுச் சில்லைக் கீழே போட்டான்.

"அப்பாகிட்ட சொல்லாத."

"ஏன்?"

"சொன்னா திரும்பவும் ஊசிடி. செத்துப்போலாம் போல வலிக்கும். உனக்குத் தெரியாது." பிறகு, "நீ பாத்து எடுத்தா இன்னா? வசனம் வசனம்தானே?" என்றான்.

நான் சொல்லவில்லை. பதினாலு வயதுப் பையனும் ஒன்பது வயதுப் பெண்ணும் சேர்ந்து எடுத்த முடிவு அது.

ஆடி கழிந்து முதல் மழை பெய்தபோது அண்ணனுக்குத் தொண்டை கட்டியது. இரண்டு வாரத்தில் முழங்கால் வீங்கியது, அடுத்து மணிக்கட்டு. காய்ச்சல் விட்டு விட்டு அடித்தது. அப்பா பயப்படவில்லை. வியாதிக்காரனுக்கு என்ன செய்யவேண்டும் என்று டிராயிங்கில் தெளிவாக இருக்கிறது என்றார். சபை மூப்பர்களை அழைக்கவேண்டும், எண்ணெய் பூசி ஜெபிக்கவேண்டும்.

என்ன எண்ணெய் என்று ஒரு பேச்சு வந்தது. அம்மா நல்லெண்ணெய்க் கிண்ணத்தை எடுத்தாள். அப்பா தடுத்தார். வேதம் எழுதப்பட்ட தேசத்தில் எண்ணெய் என்றால் ஒலிவ எண்ணெய்தான் என்றார். வேதத்தில் வெறுமனே எண்ணெய் என்றுதான் இருக்கிறது. வாழ்நாளில் அந்த ஒரு தடவைதான் அப்பா எழுத்தைத் தாண்டி அர்த்தம் பார்த்தார், அதுவும் இதற்கு. அந்தக் காலத்தில் ஒலிவ எண்ணெய் மருந்துக்கடையில்தான் கிடைக்கும், சின்னப் பாட்டிலில். என்னையும் கூட்டிக்கொண்டு போனார். கடைக்காரருக்கு எங்களைத் தெரியும்.

"இன்னா சார், தம்பிக்கு ஊசி மருந்து வாங்கினு போயி ரொம்ப நாளாச்சே?" என்று அலமாரியிலிருந்து பென்சிலின் பாட்டிலை எடுத்து கவுண்டரில் வைத்தார்.

"அது வேண்டாம். ஒலிவ எண்ணெய் கொடுங்க" என்றார் அப்பா.

இரண்டு பாட்டிலும் கண்ணாடி மேசைமேல் பக்கத்தில் பக்கத்தில் இருந்தன. அப்பா ஒன்றை எடுத்துக்கொண்டார். கடைக்காரர் மற்றதைத் திரும்ப அலமாரியில் வைத்தார்.

எங்கள் சபை மூப்பர்கள் யாரும் வரவில்லை. பூந்தமல்லிப் பக்கம் ஒரு ஜெபவீட்டிலிருந்து இருவரை அப்பா அழைத்து வந்தார். அவர்கள் அண்ணன் நெற்றியிலும் மூட்டுகளிலும் எண்ணெய் பூசினார்கள். சத்தமாக, உண்மையாகவே அழுது ஜெபித்தார்கள். அண்ணனும் கண்ணை இறுக மூடி ஆமென் ஆமென் என்றான். அவன் ஒரு வார்த்தையும் சந்தேகப்படவில்லை, அதற்கு நானே சாட்சி.

ஐப்பசி பிறந்தபோது அவனால் படுக்க முடியவில்லை. படுத்தால் மூச்சு முட்டியது. மூன்று தலையணையை முதுகுக்குக் கொடுத்து சுவரில் சாய்ந்தே உட்கார்ந்திருந்தான். கால் வீங்கி, விரலால் அழுத்தினால் குழி விழுந்தது. ஒரு நாள் நான் பள்ளிவிட்டு வந்தவுடன் என்னைக் கூப்பிட்டான். பேச்சு காற்றாகத்தான் வந்தது.

"பாப்பா, அப்பாகிட்ட சொல்லிடு. ஊசி போட்டுக்கிறேன்."

அப்பா வேலையிலிருந்து வந்து கைகால் கழுவிக்கொண்டிருந்தார். நான் சொன்னேன். ஜிகினா, மூலை, தட்டு, எல்லாவற்றையும் அழுதுகொண்டே சொன்னேன். "அது சாமி கொடுத்தது இல்லப்பா. நான் எடுத்தது. என்ன அடிங்கப்பா. அண்ணனுக்கு ஊசி போடுங்கப்பா."

அப்பா என்னை அடிக்கவில்லை. ஈரக் கையாலேயே என் தலையைத் தடவினார். அவர் கண்ணில் தண்ணீர் வந்தது.

"நீ எடுக்கலம்மா. நூறு அட்டையில அந்த அட்டைய உன் கண்ணுல காட்டினது யாரு? உன் கையப் பிடிச்சு அதுல ஜிகினா கொட்ட வச்சது யாரு? சீட்டு மடியில போட்டாலும் தீர்ப்பு அவரோடதுன்னு வேதத்துல எழுதியிருக்கு. இப்பத்தான் எனக்கு இன்னும் உறுதியா இருக்கு."

நான் கையில் வைத்திருந்த ஒரே உண்மை அதுதான். அதையும் அவர் வசனமாக மாற்றிக்கொண்டார். அண்ணனைப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை.

அடுப்படியில் இருந்த அம்மா எல்லாவற்றையும் கேட்டிருக்கிறாள். மறுநாள் அப்பா வேலைக்குக் கிளம்பிய கால்மணி நேரத்தில், அண்ணனை இடுப்பில் தூக்கிக்கொண்டாள். பதினாலு வயதுப் பையனை. வீங்கியிருந்தும் அவன் அவ்வளவு லேசாகிவிட்டிருந்தான். "நட பாப்பா" என்றாள். ரிக்‌ஷாவில் ஸ்டேஷன், ரயிலில் சென்ட்ரல், எதிரே பெரியாஸ்பத்திரி. தனியாக அம்பத்தூரைத் தாண்டாதவள் அவள். போர்டை நின்று எழுத்துக் கூட்ட நேரமில்லாமல் வழியெல்லாம் ஆள் ஆளாய்க் கேட்டுக்கொண்டே போனாள்.

டாக்டர், "கடைசியா எப்பம்மா ஊசி போட்டீங்க?" என்று கேட்டார்.

"மார்கழில."

அவர் எழுதுவதை நிறுத்திவிட்டு அம்மாவைப் பார்த்தார். "பத்து மாசமா? ரெண்டு மாசம் முன்னாடி வந்திருந்தாக்கூட ஏதாவது பண்ணியிருக்கலாம்."

ஒன்பது நாள் இருந்தான். ஊசிகள் போட்டார்கள், அவன் ஒரு தடவைகூட முகம் சுளிக்கவில்லை. அப்பா தினமும் ஷிப்ட் முடிந்து வருவார், ஆனால் வார்டுக்குள் வரமாட்டார். வெளியே மரத்தடியில் நின்று ஜெபிப்பார். உள்ளே வந்தால் மருந்துக்கு ஒப்புக்கொண்டதாகிவிடுமாம். ஒன்பதாம் நாள் மத்தியானம் அண்ணன் தண்ணீர் கேட்டான். அம்மா டம்ளரை வாயில் வைப்பதற்குள் போய்விட்டான். அம்மா டம்ளரைக் கொஞ்ச நேரம் அப்படியே பிடித்துக்கொண்டிருந்தாள்.

அடக்கம் முடிந்து வீட்டுக்கு வந்ததும் அப்பா சொன்னார்: "அவர் வார்த்தை தவறல. பிழைப்பான்னுதான் சொன்னாரு. நாமதான் அவர் கையிலேர்ந்து பையனப் பிடுங்கிட்டுப் போய் மனுஷங்க கையில கொடுத்துட்டோம்." 'நாம' என்றுதான் சொன்னார். பார்த்தது அம்மாவை.

அதோடு விட்டிருந்தால்கூடப் பரவாயில்லை. அன்று முதல் தினமும் குடும்ப ஜெபத்தின் முடிவில், "ஆண்டவரே, இவளுடைய அவிசுவாசத்தை மன்னியும்" என்று அம்மாவுக்காக ஜெபித்தார். கோபமாக இல்லை, உருகி உருகி. தான் அம்மாவுக்கு உபகாரம் செய்வதாகத்தான் அவர் கடைசிவரை நினைத்தார். முப்பத்து நான்கு வருடம், ஒரு நாள் தவறாமல். பக்கத்தில் மண்டியிட்டு அம்மாவும் ஆமென் சொல்லுவாள். நானும் கல்யாணமாகிப் போகும்வரை சொன்னேன். அப்பா தன் ரத்த அழுத்தத்துக்கு மாத்திரை போட்டுக்கொண்டார் என்பதையும் சொல்லிவிடுகிறேன். அவருக்கு அப்படி அட்டை வரவில்லையாம்.

அப்பா போனபின் அம்மாவை என்னோடு அயனம்பாக்கத்துக்கு அழைத்து வந்தேன். இனியாவது அந்த ஜெபம் நிற்கும் என்று நினைத்தேன். போன வருடம் அம்மாவுக்குக் கால் வீங்கியது, படுத்தால் மூச்சு முட்டியது. எனக்கு அந்த வீக்கம் தெரியும். ஆம்புலன்சுக்குப் போன் செய்யப் போனேன். அம்மா என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள்.

"ஆஸ்பத்திரி வேணாம் கண்ணு."

"ஏம்மா?"

"அன்னிக்கி நான் கூட்டினு போவாம இருந்திருந்தா உங்கண்ணன் பொழச்சிருப்பான்."

"யாரும்மா சொன்னது? டாக்டர் உன் முன்னாடிதானே சொன்னாரு, லேட்டாயிடுச்சுன்னு. நீ இன்னும் முன்னாடியே கூட்டிட்டுப் போயிருந்தா பிழைச்சிருப்பாம்மா. அப்பா தப்பும்மா. அப்பா படிச்சது தப்பு."

"அப்பா படிச்சவரு. நான் இன்னாத்த கண்டேன்?" என்றாள். "நான்தான் அவசரப்பட்டுட்டேன். இன்னும் ஒரு வாரம் பொறுத்திருக்கலாம்."

மூன்று நாள் வாதாடினேன். வால்வை வரைந்து காட்டினேன். கத்தினேன், காலைப் பிடித்தேன். அவள் எனக்காகப் பரிதாபப்பட்டாளே தவிர, ஒப்புக்கொள்ளவில்லை. டாக்டர் வீட்டுக்கே வந்து போட்ட ஊசிக்கும் கையை நீட்டவில்லை. பேச்சு நின்றபிறகும் உதடு மட்டும் அசைந்துகொண்டிருந்தது. குனிந்து காதை வைத்தேன். ஆண்டவரே, என் அவிசுவாசத்தை மன்னியும் என்று சொல்லிக்கொண்டிருந்தாள்.

எங்கள் வீட்டில் அண்ணனைக் காப்பாற்றத் தூக்கிக்கொண்டு ஓடியது அவள் ஒருத்திதான். அதற்கு மன்னிப்புக் கேட்டுக்கொண்டே செத்துப்போனாள்.